சாலைப் பாதுகாப்பு விருது: பரிந்துரைப் படிவத்தை நிரப்பும் முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜனவரி, தேசியச் சாலைப் பாதுகாப்பு மாதம். அந்த மாதம் நம் பள்ளி வழங்கவிருக்கும் விருதுக்கான பரிந்துரைப் படிவத்தை உங்கள் பிள்ளையின் டைரியில் வைத்து அனுப்பியிருக்கிறோம்.

ஓவியம், வாசகம், பேச்சு ஆகியவற்றுக்கு வழக்கம்போல் தனிப் பரிசுகள் உண்டு. இந்த விருது, பிள்ளைகள் வீட்டிலிருந்து வகுப்பறைக்குப் பத்திரமாக வந்து சேர அன்றாடம் ஏதாவது செய்பவர்களுக்கு. பேருந்து உதவியாளர், ஆட்டோ ஓட்டுநர், பெற்றோர், வாசலில் கடை வைத்திருப்பவர், மாணவர் என யாரையும் பரிந்துரைக்கலாம்.

"பொறுப்பானவர்", "அன்பானவர்" என்று மட்டும் எழுதினால் தேர்வுக் குழு எதையும் முடிவு செய்ய முடியாது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். பேருந்து உதவியாளர் என்றால், வண்டி நின்றதும் அவர் முதலில் இறங்குகிறாரா? சாலையைக் கடக்க வேண்டிய பிள்ளையைக் கைபிடித்து, வண்டியின் முகப்பிலிருந்து 10 அடியாவது தள்ளி அழைத்துப் போகிறாரா? முகப்பை ஒட்டி நடக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. பேருந்து நகரும்போது அங்கே விபத்து நடக்கலாம். எல்லோரும் இறங்கிய பிறகு கடைசி இருக்கை வரை நடந்து, தூங்கிப்போன பிள்ளை இருக்கிறதா என்று பார்க்கும் உதவியாளருக்கு என் தனி மரியாதை உண்டு.

ஆட்டோவில் பார்க்க வேண்டியவை மூன்று: வலப்பக்கம் அடைத்திருக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் பிள்ளை தொற்றிக்கொண்டு வருகிறதா, புத்தகப் பை வெளியே தொங்குகிறதா.

இருசக்கர வாகனத்தில் வரும் பெற்றோர்தான் எண்ணிக்கையில் அதிகம். குறையும் அங்கேதான் அதிகம். அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார், பின்னால் இருக்கும் பிள்ளைக்கு இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஹெல்மெட் அணிய வேண்டும். பெரியவர்களின் ஹெல்மெட்டைப் பிள்ளைக்கு மாட்டுவதில் பயனில்லை. விழும்போது அது கழன்றுவிடும். புருவத்துக்குச் சற்று மேலே இஞ்ச் டேப்பால் தலையைச் சுற்றி அளந்து, அந்த அளவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்குங்கள். பட்டையை மாட்டிய பின் தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும். வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பின்னால் அமர்பவரின் முந்தானை, துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் இருக்க சேலைக் காப்புக் கம்பி வேண்டும். வெற்றி பெறும் பெற்றோருக்குக் கேடயம் கிடையாது. அவர் பிள்ளையின் தலைக்கு அளவெடுத்த ஹெல்மெட்டே பரிசு.

மாணவர்களைப் பரிந்துரைப்போர் ஒன்றைக் கவனியுங்கள். விருதுக்கு ஆசைப்பட்டு எந்தப் பிள்ளையும் சாலையில் இறங்கி வண்டிகளை மறிக்கக் கூடாது. அது போலீசாரும் பணியில் இருக்கும் ஆசிரியரும் செய்யும் வேலை. மாணவர் நடைபாதையில் நின்று சின்ன வகுப்புப் பிள்ளைகளை வரிசைப்படுத்தலாம், பலகை பிடிக்கலாம், அதுவே போதும். அப்படிச் சாலையில் இறங்கியதாகத் தெரிந்தால் பெயர் நீக்கப்படும்.

பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் குடும்பமும் பரிசீலிக்கப்படாது. 16 வயதில் கிடைக்கும் உரிமம் கியர் இல்லாத 50 சிசி வரையிலான வண்டிக்கு மட்டும். இன்று ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சிசிக்கு மேல். அவற்றுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். அவருக்கு அரசு விருதும் கிடைக்கக்கூடும். படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மத்திய அரசு தரும் தொகை 2021-இல் 5,000 ரூபாயாக இருந்தது. 2025-இல் 'ராஹ் வீர்' திட்டத்தில் 25,000 ஆனது. பலர் இதைத் தவறவிடக் காரணம், சேர்த்த கையோடு கிளம்பிவிடுவதுதான். பெயர், கைபேசி எண், இடம், தேதி, நேரம், செய்த உதவி ஆகியவற்றைக் குறித்துக் காவல் நிலையம் தரும் ஒப்புகைக் கடிதம் அவசியம். அதன் நகல் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும். தொகை வங்கிக் கணக்கில் வரும். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவியவரைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விருது வேண்டும் என்றால் மட்டும் விவரம் தந்தால் போதும். தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருப்பதால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காயம்பட்டவரிடமோ சேர்த்தவரிடமோ பணம் கேட்க மாட்டார்கள்.

ஒரு குடும்பம் இரண்டு பேரைப் பரிந்துரைக்கலாம். தன் வீட்டாரைப் பரிந்துரைக்கக் கூடாது. பெயர் வந்தவர்களை, இரண்டு ஆசிரியரும் ஒரு பெற்றோரும் கொண்ட குழு காலையிலும் மாலையிலும் முன்னறிவிப்பின்றி நேரில் பார்க்கும். படம், வீடியோ எதுவும் இணைக்க வேண்டாம். படிவத்தை நவம்பர் 28-க்குள் அலுவலகத்தில் உள்ள பெட்டியில் போடுங்கள். டைரியில் வைத்துக் கொடுத்தனுப்பினால் வகுப்பாசிரியர் சேர்த்துவிடுவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்