வர்ஜீனியா சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: கிரேஸ் ஷெர்வுட் தோற்ற வழக்குகளைப் பற்றி

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வர்ஜீனியா பீச்சில் விட்ச்டக் சாலை (விட்ச் என்றால் சூனியக்காரி, டக் என்றால் நீரில் முக்குவது) வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று மகள் கேட்டாள். 1706 ஜூலை 10 அன்று கிரேஸ் ஷெர்வுட் என்ற பெண்ணைக் கட்டி லின்ஹேவன் ஆற்றில் போட்டார்கள், மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் சூனியக்காரி என்பதுதான் அந்தச் சோதனை, மிதந்ததால் சூனியக்காரி என்று சிறையில் அடைத்தார்கள் என்று சொன்னேன். "அவங்க எதுவும் செய்யலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

செய்தார். எட்டு வருடம் முன்பே கோர்ட்டுப் படி ஏறினார்.

1698-ல் இரண்டு அவதூறு வழக்குகள். தங்கள் பன்றிகளைச் சாகடித்தார், பருத்திக்குச் சூனியம் வைத்தார் என்று பேசிய ஜான் கிஸ்பர்ன் தம்பதி மேல் ஒன்று. இரவில் வந்து தன் மேல் ஏறி உட்கார்ந்தார், பிறகு கறுப்புப் பூனை மாதிரி சாவித் துவாரம் வழியாக வெளியே போனார் என்று சொன்ன எலிசபெத் பார்ன்ஸ் மேலும் அவர் கணவர் மேலும் இன்னொன்று. மணமான பெண் தனியாக வழக்குப் போட முடியாத காலம் அது. கணவர் ஜேம்ஸும் கூடவே வாதியாக நின்றார். சூனியம் உயிரையே பறிக்கக்கூடிய குற்றம் என்பதால், அந்தப் பழியைச் சுமத்தியவர்களிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த இருவரும் சட்டத்தை வைத்து மூடப் பார்த்தார்கள். இரண்டு வழக்கிலும் தோற்றார்கள். செலவும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. ஊர் இந்தத் தீர்ப்பை எப்படிப் படித்திருக்கும்? கோர்ட்டே ஒத்துக்கொண்டது என்றுதான் படித்திருக்கும்.

1701-ல் ஜேம்ஸ் இறந்துவிட்டார். மூன்று மகன்களோடு கிரேஸ் தனியானார். தன்னை அடித்த எலிசபெத் ஹில் மேல் 1705-ல் வழக்குப் போட்டு ஜெயித்தார். கிடைத்தது 20 ஷில்லிங். அடுத்த மாதமே ஹில் தம்பதி சூனியப் புகாரோடு வந்தார்கள். சூனியக்காரிக்கு இருக்கும் என்று நம்பிய அடையாளத்தை அவர் உடம்பில் தேட 12 பெண்கள் கொண்ட ஜூரியை கோர்ட் அமைத்தது. அதற்குத் தலைவி யார் தெரியுமா? பூனைக் கதை சொன்ன அதே எலிசபெத் பார்ன்ஸ். இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

ஆற்றில் இறக்க முதலில் குறித்த நாளில் மழை. அவர் உடல்நலத்துக்குக் கெடுதல் வரலாம் என்று சொல்லி கோர்ட் அதைத் தள்ளிவைத்தது.

2006-ல் ஆளுநர் டிம் கெய்ன் தன் கடிதத்தில் நீர்ச்சோதனை அநீதி என்றார், கிரேஸின் நற்பெயரைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு நன்றி. மூலிகைக் கூடையும் காலடியில் ராக்கூன் என்ற சிறு விலங்குமாக கிரேஸுக்குச் சிலையும் நிற்கிறது. சரி, ஆனால் அநீதி ஆற்றில் தொடங்கவில்லை. தன் பேரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய நீதிமன்றத்தில் தொடங்கியது.

நான் கேட்பது ஒரு தீர்மானம். அது 1706-லிருந்து தொடங்க வேண்டாம். 1698-ன் இரண்டு தீர்ப்புகளும் தவறு என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். அதில் கிரேஸ் பெயருக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் பெயரையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வர்ஜீனியா பீச்சில் குடியிருக்கும் ஒரு தமிழர்