பதினாறு இடங்களையும் பார்க்காமல் திரும்பினோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் உங்கள் ஞாயிறு இணைப்பில், இரண்டு நாளில் கொடைக்கானலில் பார்க்க வேண்டிய 16 இடங்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். கோவையில் வேலை பார்க்கும் என் மகள் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, கூடவே ஒரு காட்டேஜில் இரண்டு ராத்திரிக்கு அறையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். "அப்பாவும் நீயும் போயிட்டு வாங்க, ஒரு இடம் விடாமப் பாருங்க" என்று உத்தரவு வேறு. அந்தப் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபம் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரரும் திருமங்கலத்தில் மெஸ் நடத்துகிறோம். மதியம் சாப்பாடு, ராத்திரி டிபன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஆபீஸ் ஆட்கள். 2025-ல் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை, மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அப்புறம் ஞாயிறு. மூன்று நாளும் ஆபீஸ் கிடையாது, வியாபாரமும் மந்தம்தான் என்று கணக்குப் போட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்காவது போய்த் தங்குவது என்பது கல்யாணமான புதிதில் நடந்தது. அதன்பிறகு போனதெல்லாம் கல்யாண வீடு, கேதவீடு, குலதெய்வம் கோயில்தான்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். அரசு பஸ்ஸில் போனால், மலைக்கு வண்டியில் வருகிறவர்கள் முன்கூட்டியே பதிய வேண்டிய இ-பாஸ் தொல்லை இல்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே இவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். டம்டம் பாறை வந்தபோது தூரத்தில் எலிவால் அருவி வெள்ளை நூலாகத் தொங்கியது. பெருமாள்மலைக்கு மேலே வண்டிகள் நகரவே இல்லை. மூன்று நாள் விடுமுறை, கேட்க வேண்டுமா? எங்களுக்கு முன்னால் நின்ற காரில் ஒரு சின்னப் பையன் அழுதுகொண்டே இருந்தான். அவன் அப்பா இறங்கி வந்து டிரைவரிடம், "அண்ணே, ஏரிக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், சாயந்திரத்துக்குள்ள ஆறு இடம் முடிக்கணும்" என்றார். அவர் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது.

நான் கடைக்காரி, கணக்குப் போடாமல் இருக்க மாட்டேன். இரண்டு நாள் என்றால், சாப்பாட்டையும் தூக்கத்தையும் கழித்தால் சுற்ற மொத்தம் 16 மணி நேரம். 16 இடம். ஆளுக்கு, மன்னிக்கவும், இடத்துக்கு ஒரு மணி நேரம். அதில் போக்குவரத்து, வண்டி நிறுத்த இடம் தேடுவது, டிக்கெட் வரிசை, கழிப்பறை எல்லாம் போனால் தூண் பாறையைப் பார்க்கக் கிடைப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் மேகம் மூடியிருந்தால் பாறை இல்லை, வெள்ளைத் திரைதான். கட்டுரை எழுதியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

நாங்கள் தங்கிய இடம் கொடைக்கானல் ஊருக்கு வெளியே ஒரு சரிவில் இருந்தது. ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு திண்ணை, கீழே கேரட் பாத்தி. பார்த்துக்கொள்ள ஒரு தம்பியும் அவர் மனைவியும் இருந்தார்கள். சமையல் அந்தப் பெண்தான். எனக்கு அதுதான் முதல் சந்தோஷம்: இன்னொருத்தி சமைத்து, என் முன்னால் தட்டு வைக்கிறாள். என்ன குழம்பு என்றுகூட நான் கேட்கவில்லை.

இவருக்குத்தான் அது பிடிபடவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தால், சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். "ஏங்க, லீவுங்க" என்றேன். "சும்மா பேசிக்கிட்டிருக்கேன்" என்கிறார். பேச்சு முழுக்கத் தொழில்தான். அங்கே ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுமாம். அதனால் சோறும் பருப்பும் வேக நம் ஊரைவிட நேரமாகும், குக்கர் இல்லாமல் பருப்பு மசியாது. இட்லி மாவு குளிரில் பொங்காது என்று அந்தப் பெண் மாவுச் சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்தாள். திருமங்கலத்தில் மாவு பத்து மணிக்குள் புளித்துவிடுகிறதே என்று நாங்கள் ஐஸ் வைக்கிறோம். இதையெல்லாம் இவர் ரொம்ப ரசித்துக் கேட்டார். சரி, இதுவும் ஒரு ஓய்வுதான் என்று விட்டுவிட்டேன்.

அன்று மதியம்தான் நடக்காதது நடந்தது. மெஸ்ஸில் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நேரத்தில் இவர் திண்ணையில் படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்ததும் மணி பார்த்துப் பதறினார். பிறகு சிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மேகம் கேரட் பாத்திமேல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரொம்ப நேரம் பேசினோம். கேஸ் சிலிண்டர், சீட்டுப் பணம், காய்கறி பாக்கி இல்லாமல் பேசினோம். ராத்திரி டிபனை நிறுத்திவிடலாம், இனி மதியச் சாப்பாடு மட்டும் போதும் என்று அங்கேதான் முடிவெடுத்தோம். பல வருடமாக மனதில் கிடந்த பேச்சு அது. மெஸ்ஸில் நின்றுகொண்டு அதைப் பேச முடியாது.

பட்டியலில் இருந்த ஏரி, கோக்கர்ஸ் வாக், குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட் எதற்கும் போகவில்லை. போனது ஒரே ஒரு ஊருக்கு, அது உங்கள் பட்டியலில் இல்லை. பூம்பாறை. ஞாயிறு காலையில் உள்ளூர் பஸ்ஸில் போனோம். இருபது கிலோமீட்டர்போல இருக்கும். மலைச்சரிவை அப்படியே படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கமாக வீடுகள், ஒரு மூலையில் குழந்தை வேலப்பர் கோயில். மூலவர் சிலையைப் போகர் செய்தார் என்று அங்கே சொல்கிறார்கள்.

நான் போனதற்குக் காரணம் பூண்டு. எங்கள் மெஸ்ஸில் ரசத்துக்கு மலைப்பூண்டுதான் போடுவோம், வடுகபட்டிச் சந்தையிலிருந்து வரும். அது விளையும் மண்ணை நான் பார்த்ததில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு வீட்டில் பூண்டைக் கட்டுக்கட்டாகத் தாளோடு பரணில் தொங்கவிட்டு, கீழே புகை போட்டு வைத்திருந்தார்கள். விதைக்கு அப்படித்தான் வைப்பார்களாம், கெடாமல் மாதக்கணக்கில் இருக்குமாம். அந்த அம்மா எனக்கு ஒரு பல்லை உரித்துக் கொடுத்து, "மென்னு பாரு" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து கிலோ வாங்கிக்கொண்டோம். வாசல் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காபி குடித்தோம். இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை.

சரி, எல்லோரும் இப்படித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் டாக்ஸிக்காரர்கள் என்ன செய்வார்கள்? நியாயமான கேள்விதான். பூம்பாறையில் திரும்ப வர பஸ் தாமதமாகி, ஒரு ஜீப் பிடித்தோம். அந்த அண்ணனே கேட்டார், "பன்னெண்டு மைல் ரவுண்டு அடிச்சாத்தாம்மா எங்களுக்குக் காசு. நீங்க சும்மா உக்காந்தா எப்படி?" நானும் வியாபாரிதான், அவர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவரே அடுத்த வாய்க்குச் சொன்னார், விடுமுறை நாளில் நெரிசலில் ஒரு ரவுண்டுக்கு மேல் போக முடிவதில்லை, டீசல்தான் எரிகிறது என்று. ஆட்கள் கிராமங்களுக்கும் பிரிந்து போனால் அவருக்கும்தானே சவாரி? பூண்டு, கேரட், ஜீப், காபி எல்லாம் சேர்த்து நாங்கள் அங்கே விட்டுவந்த பணம், 16 இடங்களின் டிக்கெட்டைவிட அதிகம்.

இன்னொன்றும் யோசித்தேன். கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களை 1845-ல் கட்டியது மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள். வெயிலும் வியாதியும் தாங்காமல், பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும் டோலியிலும் ஏறிப் போனார்கள். அப்போது அங்கே பார்க்க ஏரிகூடக் கிடையாது. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டிய பிறகுதான் ஏரி. ஆக, மதுரைக்காரர்கள் அந்த மலைக்குப் போகத் தொடங்கியதே உடம்பு ஆறுவதற்காகத்தான். இடம் பார்க்கிற வழக்கமெல்லாம் பின்னால் வந்தது.

இப்போது குறை. சனிக்கிழமை ராத்திரி எங்கள் காட்டேஜுக்கு மேலே இருந்த இன்னொரு விடுதியில் கேம்ப் ஃபயர் போட்டார்கள். கூடவே ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இவர் டார்ச் எடுத்துக்கொண்டு மேலே போய்ச் சொன்னார். பையன்கள் நல்ல பையன்கள்தான், "சாரி அங்கிள்" என்று குறைத்தார்கள். இவர் கட்டிலில் வந்து உட்காருவதற்குள் பழையபடி ஏறிவிட்டது. அந்தப் பையன்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பாட்டும் நெருப்பும் உண்டு என்று சொல்லித்தான் அவர்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். அமைதி உண்டு என்று சொல்லி எங்களிடம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சரிவில், ஒரே ராத்திரியில் விற்றால் எப்படி?

பார்த்துக்கொள்கிற தம்பியிடம் காலையில் கேட்டேன். "நாங்க சொன்னா பக்கத்துக்காரனுக்கும் எங்களுக்கும் சண்டைதான்க்கா. அவங்க முதலாளி சொன்னாலோ, ஆன்லைன்ல ஸ்டாரைக் குறைச்சிட்டுப் போயிருவாங்கன்னு அவருக்குப் பயம்" என்றார். இருட்டினால் காட்டுமாடு தண்ணீர் குடிக்க அந்தச் சரிவு வழியாகத்தான் வரும் என்று முந்தின நாள் சாயந்திரம் அவர்தான் எங்களை உள்ளே இருக்கச் சொன்னார். சத்தத்தில் மிரண்ட காட்டுமாடு எந்தப் பக்கம் ஓடும் என்று யார் சொல்ல முடியும்?

சட்டம் புதிதாக ஒன்றும் வேண்டாம். ஒலி மாசு விதிகள் 2000-லேயே வந்துவிட்டன. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். 2024 மே 7 முதல் மலைக்கு வருகிற வண்டிகளை இ-பாஸ் வைத்து எண்ணுகிறார்கள். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. சின்னத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் வரி போடுகிறார்கள், அதற்காகவே நாங்கள் எவர்சில்வர் கூஜாவைத் தூக்கிக்கொண்டு போனோம். வண்டியை எண்ணவும் பாட்டிலைப் பிடிக்கவும் ஆள் இருக்கும்போது, சனிக்கிழமை ராத்திரி பத்தே காலுக்கு ஒரு ஜீப் அந்தச் சாலைகளில் ஒரு சுற்று வந்தால் போதாதா? அறை பதிவு செய்யும்போதே, 10 மணிக்கு இசை நிறுத்தப்படும் என்று ஒரு வரி போடச் சொன்னால் விடுதிக்காரர்களுக்கும் சங்கடம் தீரும். "நான் என்ன சார் செய்ய, சட்டம்" என்று அவர்கள் கையை விரித்துக்கொள்ளலாம். இதை உங்கள் நிருபர் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, அந்த ஞாயிறு இணைப்பு. 16 இடங்களைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் தடவை போகிற பிள்ளைகளுக்கு ஏரியும் படகும் வேண்டும்தான். ஆனால் அதே பக்கத்தின் கால்வாசியில், கொடைக்கானல் பஸ் நிலையத்திலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் ஊர்களுக்கு எத்தனை மணிக்கு பஸ், திரும்ப எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று போடுங்கள். எங்களைப்போல ஐம்பது வயதைத் தாண்டி, கார் இல்லாமல், ஜோடியாகப் போகிறவர்கள் நிறையப்பேர் இருக்கிறோம். அந்தக் கடைசி பஸ் நேரம் தெரியாததால்தான் எங்களுக்கு ஜீப் செலவு.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் ஒரு வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.