அந்தச் சத்தியம் உன்னைக் கட்டாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாய். மொத்தம் 20. பாதி தாண்டுவதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டு, "அத்தை, ஒரு பிள்ளைய அவங்கப்பா அடிச்சா, அதை வெளிய சொல்றது தப்பா?" என்று கேட்டாய். பஸ்ஸில் ஆட்கள் இருந்ததால் வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றேன். வீட்டில் எத்தனை தரம் கேட்டும் ஒரே பதில்தான்: "சத்தியம் பண்ணிட்டேன் அத்தை." நேரில் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாய். நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பாய் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நானும் ஒரு சத்தியம் செய்தேன், பாப்பா. காப்பாற்றவும் செய்தேன்.

அப்போது எனக்கு 14 வயது. கொண்டலாம்பட்டியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். என் தோழி வீட்டில் அடி விழுந்ததெல்லாம் தறி ஓடும் நேரத்தில்தான். கரண்ட் போய்த் தெரு அமைதியாகும்போது அவள் அழுது முடித்து, முகம் கழுவி, தறிக்கு நூல்தார் சுற்ற உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் வகுப்பில், "இனிமே எனக்கு வலது பக்கம் உட்காருடி" என்றாள். ஏன் என்று கேட்காமல் இடம் மாறினேன். சில நாள் கழித்து அவள் இடது காதில் பஞ்சு இருந்தது, அதில் மஞ்சளாய் ஒரு கறை. அப்பா அறைந்ததிலிருந்து காதுக்குள் இரைச்சல் கேட்கிறதாம். கோட்டை மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அதையும் சொன்னாள். டீச்சர் பஞ்சைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, "மாடிப்படியில விழுந்துட்டேன் டீச்சர்" என்றாள். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அவளுக்கு இடது காது இப்போது சுத்தமாகக் கேட்காது. ஆடிப் பண்டிகைக்கு வந்தால் நான் இன்றும் அவளுக்கு வலது பக்கம்தான் உட்காருகிறேன்.

அடி வாங்குகிற பிள்ளை பயத்தில் கேட்கிற சத்தியம் உன்னைக் கட்டாது. நீ அதை மீறினால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

அதற்காக நீயே உன் தோழி வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் நியாயம் கேட்காதே. நீ கிளம்பி வந்த பிறகு அந்தக் கோபமும் அவள் மேல்தான் இறங்கும். தழும்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதே. வகுப்பில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவளிடம் "உன்னை நம்புறேன், உன் மேல தப்பே இல்ல" என்று சொல். பிறகு என்னிடம் வா.

நாம் கூப்பிட வேண்டிய எண் 1098. குழந்தைகளுக்கானது, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கூப்பிடுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அவளே கூப்பிடலாம், நீ கூப்பிடலாம், நான் கூப்பிடலாம். உயிருக்கே ஆபத்து என்கிற நிமிஷத்தில் 112. விஷயம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போகும். அவளை எங்கே பாதுகாப்பாக வைப்பது என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும்.

"ஹாஸ்டல்ல தூக்கிப் போட்டுருவாங்க, அம்மாவ விட்டுட்டுப் போகணும்" என்று பயப்படுகிறாளா? என் தோழிக்கும் அந்தப் பயம்தான். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. பெற்றவன் அடிக்கத்தான் செய்வான் என்று நம் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். அதே சட்டத்தின் 75-ஆவது பிரிவைப் படித்துப் பார்: பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. அவள் பெயரோ முகமோ வெளியே வரக்கூடாது என்பதும் சட்டம்தான்.

அடி தவிர வேறு ஏதாவது, அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியாத மாதிரி, நடக்கிறது என்றால் ஒரு ராத்திரிகூடத் தாமதிக்காதே. அப்படித் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்தால் என்னைப் போன்ற பெரியவர்களுக்கு, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் தண்டனை உண்டு. உன்னை அது தண்டிக்காது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் உன்மேல் கோபப்படலாம், கொஞ்ச நாள் பேசாமலும் இருக்கலாம். இருக்கட்டும். அவளுக்காகப் பக்கத்து இடத்தைக் காலியாகவே வைத்திரு.

வாயால் சொல்ல முடியாவிட்டால் அவள் பெயரையும் தெருவையும் மட்டும் ஒரு தாளில் எழுதி, என் தையல் மிஷின் டிராயரில் வைத்துவிட்டுப் போ. இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் திறந்து பார்ப்பேன்.

உன் அத்தை