மலருக்குப் படம் அனுப்புவோர் கவனத்திற்கு

வணக்கம். நம் மலரின் மாதிரி அச்சு நேற்று வந்தது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண் சிற்பங்கள், மாவில் பிடித்து வைத்ததுபோல் மழுங்கித் தெரிகின்றன. அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது, தவறு நம்முடையதுதான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். 6 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சாக, அங்குலத்துக்கு 300 வீதம் 1800 பிக்சல் (படப்புள்ளி) வேண்டும். சிறிய படத்தை மூலையைப் பிடித்து இழுத்தால் படம்தான் பெரிதாகும், விவரம் கூடாது. (திரையில் பளிச்சென்று தெரிகிறதே என்று தயவுசெய்து வாதாட வேண்டாம்.)

வேர்டில் பக்கம் அமைப்போர், படம் சேர்க்கும் முன்பே மேம்பட்ட விருப்பங்களில் படச் சுருக்கத்தை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் சேமிக்கும்போது அதுவும் தன் பங்குக்குச் சுருக்கும்.

மூலப் படங்கள் ஞாயிறு மாலைக்குள் வரட்டும்.