1:87 என்று சொல்லி 1:76 அளவில் அனுப்பப்பட்ட மாதிரி ரயில் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அளவுவிகிதம் தவறாக அச்சிடப்பட்ட பிரிட்டிஷ் எஞ்சினையும் பெட்டிகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தரவும், விவரக்குறிப்பைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் நான் வாங்கிய பிரிட்டிஷ் நீராவி எஞ்சின் மீதும் அதனுடன் வந்த பயணிகள் பெட்டிகள் மீதும் 'எச்ஓ, 1:87' என்று, அதாவது உண்மையான ரயிலை 87 இல் ஒரு பங்காகச் சுருக்கிய எச்ஓ வகை என்று, அச்சிடப்பட்டிருக்கிறது. உண்மையில் அவை 'ஓஓ' எனப்படும் 1:76.2 அளவில் செய்யப்பட்டவை. இதை மின்னஞ்சலில் தெரிவித்தபோது, இரண்டு வகைகளும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவதால் இதில் குறை ஏதும் இல்லை என்று பதில் அனுப்பி, என் புகாரைத் தங்கள் பிரிவு முடித்துவைத்துவிட்டது. அந்த விளக்கம் தவறானது என்பதால் மீண்டும் எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். தொகுப்பில் உள்ளவை பிரிட்டிஷ் ரயில்வே 1951 முதல் கட்டிய மார்க் 1 வகைப் பெட்டிகள். அவற்றின் உடற்பகுதி 64 அடி 6 அங்குலம், அதாவது 19.66 மீட்டர் நீளம் கொண்டது. 1:87 என்றால் மாதிரி 226 மி.மீ. இருக்க வேண்டும், தாங்கள் அனுப்பியதோ 258 மி.மீ. இருக்கிறது. இந்த 32 மி.மீ. வேறுபாட்டைத் தயாரிப்பில் ஏற்படும் சிறு பிசகு என்று சொல்ல முடியாது. 1:76.2 என்ற விகிதத்துக்கு அது மிகச் சரியாகப் பொருந்துகிறது.

தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலமான கேஜ் வேறு, அளவுவிகிதம் வேறு. உண்மையான ரயில் பாதைகளின் பொது அகலமான ஸ்டாண்டர்ட் கேஜின் 1435 மி.மீ. அளவை 87 ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. கிடைக்கிறது, ஆகவே எச்ஓ மாதிரிக்கு அந்தத் தண்டவாளம் உரியது. ஓஓ மாதிரிக்கு உரிய அகலம் 18.83 மி.மீ. அது 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும்போது, 1257 மி.மீ. அகலமே உள்ள ஒரு பாதையில் ஓடுவதாகவே கணக்காகிறது. இந்தக் குறையைப் பொறுக்க முடியாத பிரிட்டிஷ் ஆர்வலர்கள்தாம் 18.2 மி.மீ. அகலத்தில் இ.எம். முறையையும், 18.83 மி.மீ. அகலத்தில் பி4 முறையையும் வகுத்துத் தண்டவாளத்தைத் தாமே அமைத்துக்கொள்கிறார்கள். ஒரே தண்டவாளத்தில் ஓடுவதை ஒரே அளவுக்குச் சான்றாகக் காட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது.

இந்த முரண்பாடு பிறந்ததற்கு ரயில் வரலாற்றிலேயே காரணம் உள்ளது, எனக்கு இந்தப் பொருள் பயன்படாமல் போனதும் அதே காரணத்தால்தான். இங்கிலாந்தின் வடகிழக்கிலிருந்த நிலக்கரிச் சுரங்கப் பாதைகளின் அகலத்தை ஒட்டி ஜார்ஜ் ஸ்டீவன்சன் பயன்படுத்திய 4 அடி 8½ அங்குல கேஜ், 1830 இல் திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை வழியாக நிலைபெற்றது. 1846 ஆம் ஆண்டின் கேஜ் சட்டம் அதை பிரிட்டனின் பொது அளவாக்கியது. ஐரோப்பாவின் பல நாடுகளும் அதையே ஏற்றன. ஆனால் தண்டவாளம் ஒன்றாக இருந்தாலும் அதன்மேல் செல்லும் வண்டிகளின் உயர, அகல வரம்பான லோடிங் கேஜ் ஒன்றாக இருக்கவில்லை. மற்றவர்களுக்கு முன்பே ரயில் பாதை அமைத்த பிரிட்டன், தன் பாலங்களையும் குகைப்பாதைகளையும் அக்காலத்துச் சிறிய வண்டிகளுக்கு ஏற்பவே கட்டிவிட்டது. பின்னர் அவற்றை இடித்துப் பெரிதாக்குவது பெருஞ்செலவாகும் என்பதால் அந்தச் சிறிய வரம்புக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. ஐரோப்பியக் கண்டத்திலோ, 1914 இல் நடைமுறைக்கு வந்த பெர்ன் அளவு என்ற லோடிங் கேஜ் 4.28 மீட்டர் உயரமும் 3.15 மீட்டர் அகலமும் அனுமதித்தது. பிரிட்டிஷ் எஞ்சின்களின் உயரம் ஏறக்குறைய 13 அடி, அதாவது 4 மீட்டருக்கும் சற்றுக் குறைவு.

மேசைமேல் ஓடும் சிறு ரயில்கள் 1920களில் வந்தபோது, அன்றைய மோட்டார்கள் 1:87 அளவில் சுருக்கிய பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அடங்கவில்லை. ஆகவே உண்மையான ரயிலின் ஓர் அடிக்கு மாதிரியில் 3½ மி.மீ. என்பதை 4 மி.மீ. என்று உயர்த்தி உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938 இல் வந்த ஹார்ன்பி டப்ளோ என்ற மாதிரி ரயில் வரிசை இந்த ஏற்பாட்டை பிரிட்டனில் வேரூன்றச் செய்தது. அன்றைய நிலையில் அது நியாயமான தீர்வு என்றே நான் கருதுகிறேன். ஓஓ மாதிரிகள் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. அவற்றை எச்ஓ என்று பெயரிட்டு விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நான் அமைத்துவரும் காட்சி மேடையின் நோக்கமே, ஒரே கேஜில் ஓடிய பிரிட்டிஷ் ரயிலும் ஐரோப்பியக் கண்டத்து ரயிலும் உருவத்தில் எப்படி வேறுபட்டன என்பதைப் பார்ப்பவர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதுதான். 1:87 இல் பெர்ன் வரம்பின் உயரம் 49 மி.மீ.; பிரிட்டிஷ் எஞ்சின் 45 அல்லது 46 மி.மீ. நின்றிருக்க வேண்டும். தங்கள் எஞ்சின் 52 மி.மீ. நிற்கிறது. சிறியதாகத் தெரிய வேண்டியது பெரியதாகத் தெரிகிறது; வரலாறு தலைகீழாகிவிடுகிறது. இதைப் பார்க்கும் ஒரு மாணவர் பிரிட்டனின் குகைப்பாதைகளே பெரியவை என்று நம்பிச் செல்வார். மேலும், தொகுப்பில் உள்ள நடைமேடையும் மனித உருவங்களும் மட்டும் உண்மையான 1:87 அளவில் இருப்பதால், பெட்டியின் கதவுகள் அந்த மனிதர்களுக்குப் பொருந்தவில்லை.

தங்கள் பட்டியலில் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் 'என்' வகை மாதிரிகளுக்கும் அளவுவிகிதம் குறிக்கப்படவில்லை. ஐரோப்பிய மாதிரிகள் 1:160, பிரிட்டிஷ் மாதிரிகள் 1:148, ஜப்பானின் 1067 மி.மீ. பாதை ரயில்கள் 1:150 என்று அவை வேறுபடுவதால், அங்கும் வாங்குபவர் ஏமாற இடமுண்டு.

எனவே, எஞ்சினையும் பெட்டிகளையும் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, அனுப்பு கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றுப் பொருள் அனுப்புவதாக இருந்தால், அது 1:87 தான் என்பதை அளவுகளுடன் எழுத்தில் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். இனி அச்சிடும் அட்டைப்பெட்டிகளிலும் இணையதளத்திலும் அளவுவிகிதத்தையும் கேஜையும் தனித்தனியாகக் குறிப்பிடுமாறும் வேண்டுகிறேன். அளவெடுத்த புகைப்படங்களையும் ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். பதினைந்து நாட்களுக்குள், அளவுவிகிதம் அறிந்த ஒருவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: புகைப்படங்கள், ரசீது நகல், முந்தைய மின்னஞ்சல்கள்