சிங்க்குக்குக் கீழே குனிந்து பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூர் யீஷூனில் நீ வாங்கியிருக்கும் பழைய நான்கறை வீட்டின் சமையலறைப் படங்கள் கிடைத்தன. "மொத்தமாக உடைத்துவிடவா அக்கா, இல்லை நானே சரிபண்ணிப் பார்க்கவா?" என்று கேட்டிருந்தாய். கேபினெட் கதவுகளை மட்டும் அழகாகப் படம் பிடித்திருக்கிறாய். எனக்குப் பார்க்க வேண்டியது அந்தக் கதவுகளைத் தாங்கும் பெட்டி.

சிங்க்குக்குக் கீழே உள்ள சாமான்களை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார். அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்து. சிப்போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, தண்ணீர் குடித்தால் காப்பியில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, ஸ்க்ரூவும் பிடிக்காது. தெரியாமல் அப்படி ஒரு பெட்டியில் தீபாவளிக்கு முன் புதுக் கதவுகள் மாட்டினேன். பொங்கலுக்குள் ஒன்று கீலோடு பெயர்ந்து விழுந்தது. கால்விரல் தப்பியது.

பெட்டி கெட்டியாக இருந்தால் உடைக்காதே. கதவு, கீல், கைப்பிடி, குழாய், சிங்க் ஓரத்து சிலிக்கோன் எல்லாம் உன் கைக்கு அடங்கும் வேலைதான். ஜாலான் புசார் பக்கம் கீல் வாங்கப் போனால் பழையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போ. கதவில் பதியும் வட்டம் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர்தான். ஆனால் கதவு பெட்டி ஓரத்தை முழுதாக மூடுகிறதா, பாதியா, உள்ளே அமர்கிறதா என்பதைப் பொறுத்துக் கீலின் வளைவு மாறும். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய். நம் வீட்டுத் தாளிப்புக்கு முன் எந்த பெயின்ட்டும் சும்மா ஒட்டாது.

எரிவாயுக் குழாயைத் தொடாதே. அதற்கு உரிமம் பெற்றவர் வேண்டும். மின்கம்பிக்கும் அப்படியே.

பெட்டி போய்விட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் டைல்ஸ் வரை போகணுமா என்று யோசி. தரை டைல்ஸைப் பெயர்க்க வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதியும் அதன் பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரரும் தேவை. உடைக்கும் சத்தமெல்லாம் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு கிடையாது. பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டினால் சிமெண்ட் பூச்சோடு சேர்த்துத் தரையின் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கேபினெட்டுக்கு அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். மேல் வரிசை, கீழ் வரிசை, மேடைக்கல் மூன்றும் தனித்தனிக் கணக்கா என்று முதலிலேயே கேள்.

இன்னொன்று. பழைய வீடுகளை வீவக பழுதுபார்த்து மேம்படுத்தும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் உன் புளோக்குக்கு வந்துபோய்விட்டதா என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விசாரி. இனிமேல்தான் வருமென்றால் கழிவுநீர்க் குழாய் மாற்ற ஆள் வருவார்கள். அதற்கு முன்னால் புதுச் சமையலறை கட்டி என்ன பயன்?

என்னைக் கேட்டால், ஒரு வருஷம் அதிலேயே சமைத்துப் பார் என்பேன். கிரைண்டர் எங்கே உட்காரும் என்பதே உனக்கு இன்னும் தெரியாது.

சனிக்கிழமை வருகிறேன். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது; நீ சிங்க் அடியைக் காலிசெய்து வை.

அன்புடன்,
அக்கா