அந்த அறிக்கையைத் தமிழில் தாருங்கள்

மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராய வன்னிக்கு வந்துபோகும் மானிடவியல் ஆய்வாளர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் குளத்தடிக்கு எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள் நின்றீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. போன மாதம் எங்கள் மேட்டுக்காணிகளைக் காடென்று சொல்லி அவற்றின் நடுவே எல்லைக் கல் நட்டதும் இதற்குள் காதில் விழுந்திருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். எங்களைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையைத் தமிழில் எங்களிடம் தாருங்கள். இரண்டு வருடமாகக் கேட்கிறோம்.

ஆவணி வெயிலில் உங்கள் குழுவோடு வந்த பிள்ளை ஒருத்தி டாப்லெட்டும் கையுமாக என் பக்கத்து வளவு ஆச்சியின் திண்ணையில் இருந்தாள். குறை சொல்ல முடியாத பிள்ளை; ஆச்சி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கழுவி வைத்தாள். "கிழமையில் எத்தனை தடவை காட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்டாள். ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் காட்டுப்பக்கம் போவது எதற்கு என்று இங்கே விளக்கத் தேவையில்லை. சிரித்து முடித்து, "வேலிக்கு அங்காலை மாடு கட்டப் போறதும் காடோ மோனை? அப்படியெண்டால் ஒவ்வொரு நாளும்தான்" என்றா. பிள்ளை "ஒவ்வொரு நாளும்" என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

வேலிக்கு அங்கால் கிடப்பது ஆச்சியின் புருஷன் வெட்டித் திருத்திய காணி. கச்சானும் உளுந்தும் போட்ட நிலம். 2008 இல் சண்டைக்குள் வெளிக்கிட்டு, செட்டிகுளத்து முகாம் பார்த்து, கண்ணிவெடி எடுத்து முடியும்வரை காத்திருந்து, திரும்பி வந்தபோது நாயுண்ணியும் ஈச்சையும் ஆளுயரத்துக்கு நின்றன. ஆச்சி அதைக் காடு மூடின காணி என்பா. மேலே நின்று படம் எடுக்கிற செய்மதிக்கு அது காடு. உங்கள் டாப்லெட்டுக்கும் காடு.

கம்பஸில் படிக்கிற எங்கள் பொடியன் ஒருவன் உங்கள் அறிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தைக் கைபேசியில் தேடி எடுத்து வாசித்துக் காட்டினான். இந்தச் சனம் மிகவும் காட்டை நம்பி இருக்கிறது, அதனால் காட்டுக்கு நெருக்கடி என்று இருந்ததாம். கல் உங்களால் வந்தது என்று நான் சொல்லவில்லை. கல் போட்டவர்களுக்கு உங்கள் அறிக்கை தேவையுமில்லை. ஆனால் நாங்கள் முறைப்பாடு கொண்டுபோனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டது இது: "காட்டை நம்பித்தான் சீவிக்கிறோம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே?" என்ன சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்று பார்க்க எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை. ஆச்சி இப்போது மாட்டை வளவுக்குள் கட்டி வைக்கோல் போடுகிறா. அந்த வைக்கோல் அடுத்த அறுவடை வரைக்கும் காணாது.

உங்கள் துறையில் நல்ல வேலை நடக்காமல் இல்லை. எங்களுக்குத் தெற்கே, அனுராதபுர மாவட்டத்துப் புல் எலிய என்ற குளக்கிராமத்தில் 1954 இல் எட்மண்ட் லீச் தங்கியிருந்தார். வயலின் ஒவ்வொரு துண்டும் 1890 தொட்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று துருவியவர். பிலிப்பைன்ஸில் ஹனுனூ மக்கள் காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைகளைப் பார்க்கப் போன ஹரல்ட் கொங்க்லின், அவர்கள் செடிகொடிகளைப் பிரிக்கிற விதத்தையும் சேர்த்துப் படித்தார். 1600க்கும் மேற்பட்ட வகைகளை அவர்கள் பெயர் சொல்லிப் பிரித்தார்கள். நாங்களும் பற்றை, இளங்காடு, பெருங்காடு என்று பிரித்துத்தான் சொல்கிறோம். உங்கள் கேள்விக் கொத்தில் இருந்தது ஒரே ஒரு காடு.

எனக்கு மிகவும் உறைத்த கதை மேற்கு ஆபிரிக்காவில் நடந்தது. கினியாவின் கிசிதுகுப் பகுதியில் ஊர்களைச் சுற்றித் திட்டுத்திட்டாகக் காடு, இடையில் புல்வெளி. முன்பு எல்லாம் காடாக இருந்தது, சனம் அழித்து மிஞ்சியது இவ்வளவுதான் என்று பிரெஞ்சு ஆட்சிக்காலம் தொட்டு அதிகாரிகள் சொல்லிவந்தார்கள். ஜேம்ஸ் ஃபெயார்ஹெட்டும் மெலிசா லீச்சும் (இவர் வேறு லீச்) 1990களில் பழைய விமானப் படங்களையும் ஊர்ப் பெரியவர்களின் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தத் திட்டுகளை வளர்த்ததே ஊர்ச்சனம்தான். அழித்தவர்கள் என்று பழி சுமந்ததும் அதே சனம். இதைக் கண்டுபிடித்தது உங்கள் துறை ஆட்கள்தானே! பிறகு ஏன் எங்கள் ஆச்சியிடம் வரும்போது மட்டும் கட்டம் தொட்டுவிட்டுப் போகிறீர்கள்?

இன்னொன்று. நீங்கள் ஆவணியில் வருகிறீர்கள். அப்போது குளத்தில் எருமை படுக்கிற தண்ணீர்தான் கிடக்கும். புரட்டாசியில் காலபோகக் கூட்டம், அதாவது மாரி விதைப்புக்கான கூட்டம், நடக்கும்போது ஒருவரையும் காணோம். கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாதென்றால் குளத்துக்குக் கிட்டவுள்ள வயலை மட்டும் எல்லோருக்குமாகப் பங்கிட்டு விதைக்கிறோம். அந்தப் பங்கு பிரிக்கிற சண்டையைப் பார்க்காமல் மனிதருக்கும் தண்ணீருக்கும் என்ன உறவென்று எழுத முடியுமா? பாலித் தீவில் தண்ணீர்க் கோயில்கள்தான் விதைப்பு முறையை ஒழுங்குபடுத்துகின்றன என்று ஸ்டீபன் லான்சிங் காட்டினார். 1970களில் அந்த முறையை ஒதுக்கிவிட்டு முடிந்தமட்டும் அடுத்தடுத்து நடச் சொன்னார்கள். தண்ணீருக்கும் தட்டுப்பாடு வந்தது, பூச்சியும் பெருகியது. எங்கள் குளக்கட்டு ஐயனாரை நீங்கள் படம் எடுத்தீர்கள். அவருக்கு எப்போது பொங்குவோம், அதற்கு முன் எதைத் தொடமாட்டோம் என்று கேட்டீர்களா?

கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில் "மக்கள் பங்கேற்பு" என்று நீங்கள் ஒரு கூட்டம் வைத்ததும் எங்களுக்குத் தெரியும். ஐந்திணையில் தொடங்கினீர்களாம். மருத நிலத்து ஆள் ஒருவரையும் கூப்பிடத்தான் மறந்துவிட்டீர்கள். போகிற வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஆவணி மாதம் மரம் நட்டுவிட்டுப் போனீர்களே, அந்தக் கன்றுகள் மழையைக் காணவில்லை. பலகை மட்டும் பச்சையாக நிற்கிறது. யானை இரவிரவாக வயலுக்குள் நிற்கிறது. அதற்கு எல்லைக் கல் போட ஒரு திணைக்களத்தையும் காணோம்.

சரி, மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

தயவுசெய்து அந்த அறிக்கையைத் தமிழில் தாருங்கள். சுருக்கம் வேண்டாம், முழுவதும் வேண்டும். "காடு" என்று எழுதிய இடமெல்லாம் எது ஆச்சியின் காணி, எது முதிரை மரமும் பாலை மரமும் நிற்கிற உண்மையான காடு என்று எங்களோடு நடந்து பார்த்துத் திருத்துங்கள். திருத்தியதை முன்பு அனுப்பிய இடங்களுக்கெல்லாம் திரும்ப அனுப்புங்கள். இனி எழுதுவது எதையும் வெளியில் கொடுக்க முதல் எங்கள் கூட்டத்தில் ஒருதடவை வாசியுங்கள்.

காலபோகக் கூட்டம் வழமைபோலப் புரட்டாசியில், குளக்கட்டுப் புளியமரத்தடியில். பஸ் காலையில் ஒன்றுதான், முதல் நாளே வந்தால் தங்க இடம் இருக்கிறது. மோர் குடித்த பிள்ளையையும் கூட்டிவாருங்கள் என்று ஆச்சி சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்துச் சிறுகுளம் ஒன்றின் கமக்காரர் அமைப்புச் செயலாளர்